மார்ஃபினும் டிரமடாலும் வீட்டில் இருக்கும்போது: அபின் வகை வலிமருந்துகளைக் கையாளும் முறை

புற்றுநோய்ப் பிரிவில் முதன்முறையாக மார்ஃபின் எழுதிக் கொடுத்து அனுப்பப்படும் குடும்பத்தினர், மருந்து வழங்கும் சன்னலுக்கு வந்ததும் அந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்படியென்றால் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். ஏறக்குறைய அதே வாரத்தில் இன்னொருவர் வருவார். முதுகுவலிக்கென்று எப்போதோ எழுதப்பட்டு மடிப்பெல்லாம் கிழிந்துபோன டிரமடால் சீட்டை நீட்டி, "சாதாரண வலி மாத்திரைதானே, 2 அட்டை கொடுத்துவிடுங்கள்" என்பார். முன்னவர் தமக்குத் தேவையான மருந்தைக் கண்டு நடுங்குகிறார். பின்னவருக்கு இருக்கவேண்டிய அச்சம் சிறிதும் இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்பது இருவருக்குமே யாரும் சொல்லாத செய்தி.

வீட்டில் மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுக்கும் மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் பயன்படவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அளவைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. அந்த அளவு நேரம் தவறாமலும், வேறு மருந்துகளோடு மோதாமலும், வேறு யார் கையிலும் சிக்காமலும் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்வது வீட்டாரின் வேலை.

எவையெல்லாம் இந்த வகை

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உலர்ந்து அபின் ஆகிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா அதே செடியின் விதை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீட்ரிக் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் அபினிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் மார்ஃபின். சில இருமல் மருந்துகளில் சேர்க்கப்படும் கோடீனும் அபினில் உள்ளதே. ஆக்சிகோடோன், பியூப்ரினார்ஃபின் ஆகியவை அபினிலுள்ள பொருள்களை மாற்றி உருவாக்கப்பட்டவை. டிரமடால், டாபென்டடால், ஃபென்டனில், மெத்தடோன் ஆகியவை முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்யப்படுபவை. மருத்துவ உலகம் இவை அனைத்தையும் ஓபியாய்டுகள் என்று ஒரே பெயரில் அழைக்கிறது. பாராசிட்டமாலுக்கும் டைக்ளோஃபினாக்குக்கும் இவற்றோடு எந்த உறவும் இல்லை. ஆனால் டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்த கூட்டு மாத்திரை நம் ஊரில் மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. அதை விழுங்குகிறவர்களில் பலருக்குத் தாம் ஓபியாய்டு எடுத்துக்கொள்கிறோம் என்பதே தெரியாது. காய்ச்சலுக்கென்று அதன்மேல் தனியாகப் பாராசிட்டமாலும் போட்டுக்கொண்டால் கல்லீரலுக்கும் சேர்த்து ஆபத்தை வாங்கிக்கொள்கிறோம்.

இந்த மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தி மேலே ஏறுவதைத் தடுக்கின்றன. மூச்சுவிடும் வேகத்தை நாம் நினைக்காமலேயே நடத்திவரும் மூளைத்தண்டிலும் அதே ஏற்பிகள் இருக்கின்றன. வலியைத் தணிக்கும் அதே செயல் அளவு மீறும்போது மூச்சை அடக்கிவிடுவது இதனால்தான். கீழே சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவையே.

வாங்குவதற்கு முன் சொல்லவேண்டியவை

மருத்துவர் கேட்காவிட்டாலும் சில செய்திகளை நீங்களாகவே சொல்லவேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனையில் கடைசியாக வந்த அளவைக் காட்டுங்கள். மார்ஃபின் உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவரிடம் சாதாரண அளவும் தேங்கித் தேங்கி மிகையாகிவிடும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, நாள்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் நோய், வலிப்பு, அண்மையில் பட்ட தலைக்காயம், கர்ப்பம், தாய்ப்பால் கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்றையும் விட்டுவிடக்கூடாது. மது அருந்தும் பழக்கத்தை மனைவி பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது ஆண்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. அப்படியானால் தனியாக உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். சொல்லாமல் இருப்பது மட்டும் கூடாது.

இந்த வலிக்கு இந்த மருந்து வேண்டுமா என்றும் தயங்காமல் கேளுங்கள். புற்றுநோய் வலி, பெரிய அறுவைசிகிச்சைக்குப் பிறகான சில நாட்கள், எலும்பு முறிவு, கடுமையான தீக்காயம் ஆகியவற்றில் இவற்றுக்கு இணையான மருந்து அரிது. சாதாரண முதுகுவலியோ வேறு கதை. 2023-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், புதிதாக வந்த முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் ஒரு பிரிவினருக்கு ஆக்சிகோடோன் கலந்த மருந்தும் மற்றப் பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 6 வாரம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூட்டுத் தேய்மானத்துக்கும் பழைய இடுப்புவலிக்கும் மாதக்கணக்கில் டிரமடால் விழுங்குபவர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்தப் பேச்சை எடுப்பது நல்லது.

12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017-இல் தடை விதித்தது. கோடீன் நம் கல்லீரலில் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. சிலருக்குப் பிறப்பிலேயே அந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். குழந்தை அப்படிப்பட்டதா இல்லையா என்பதைப் பார்த்த அளவில் யாராலும் சொல்லமுடியாது. பெரியவர்களின் இருமல் மருந்தில் அரைக் கரண்டி ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கடிகாரம் பார்த்துக் கொடுப்பது

வலி வந்தபிறகு மாத்திரை கொடுக்கலாம் என்று காத்திருப்பதுதான் புற்றுநோய் வலியைப் பராமரிக்கும் வீடுகளில் நான் மிகுதியாகக் காணும் தவறு. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் ஆற்றல் ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்கும். ஆகவே காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். நள்ளிரவில் எழுப்பாமல் இருப்பதற்காக, படுக்கும்போது கொடுக்கும் அளவை இரட்டிப்பாக்கிச் சில மருத்துவர்கள் எழுதுவது உண்டு. சீட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள். இப்போது வலி இல்லையே என்று ஒரு வேளையைத் தள்ளிப்போட்டால், அடுத்து ஏறும் வலியை அடக்க முன்பைவிடக் கூடுதல் மருந்து வேண்டியிருக்கும். இடையில் நோயாளி படும் பாட்டையும் சொல்லவேண்டியதில்லை.

நேரம் தவறாமல் கொடுத்தும் இடையில் வலி கிளம்பினால் அதற்கென்று தனியாக ஓர் உதவி வேளையை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். பெரும்பாலும் அது நாள் முழுவதும் கொடுக்கும் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்காக இருக்கும்; ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் கொடுக்கிறோம் என்றால் 10 மில்லிகிராம். இந்தக் கணக்கை உங்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேனே தவிர, நீங்களே போட்டுக்கொள்வதற்காக அன்று. உதவி வேளை கொடுத்தாலும் அடுத்த வழக்கமான வேளையை நிறுத்தக்கூடாது. ஒரே நாளில் 3, 4 முறை உதவி வேளை தேவைப்பட்டால், வழக்கமான அளவை மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்; மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மறந்துபோன வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரண்டு மாத்திரை கொடுக்கவே கூடாது.

மாத்திரையின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், சிஆர் போன்ற எழுத்துகள் இருந்தால் அது மெல்ல மெல்லக் கரையும் வகை. வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒன்று போதும். இந்த வகையை உடைப்பதும், பொடித்துக் கஞ்சியில் கலப்பதும், பல்லால் மென்று விழுங்கச் சொல்வதும் உயிருக்கே ஆபத்து. அரை நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவேண்டிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாத நிலை வந்தால் வேறு வடிவத்தில் மருந்து கேட்டு வாங்குங்கள்.

இதற்கெல்லாம் ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, நேரம், எத்தனை மில்லிகிராம், கொடுத்தவர் யார், வலி பத்துக்கு எவ்வளவு, மலம் கழித்தாரா, கையில் எத்தனை மாத்திரை மீதி என்று எழுதுங்கள். பகலில் மருமகளும் இரவில் மகனும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், ஒரே வேளை மருந்தை இருவரும் கொடுத்துவிடும் விபத்து இந்த நோட்டு ஒன்றால்தான் தடுக்கப்படுகிறது.

தோலில் ஒட்டும் பட்டை

ஃபென்டனில் பட்டை பார்ப்பதற்கு மூட்டுவலிப் பிளாஸ்திரி போலத்தான் இருக்கும்; அதனாலேயே அதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. மணிக்கு 25 மைக்ரோகிராம் வெளியிடும் ஒரு பட்டை, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் மார்ஃபின் விழுங்குவதற்குச் சமம். இதுவரை ஓபியாய்டு எடுத்துப் பழகாத ஒருவரின் முழங்கால்வலிக்கு, "அப்பாவுக்கு வாங்கியதில் ஒன்று மீதி இருக்கிறது" என்று எடுத்து ஒட்டினால் அவர் தூக்கத்திலேயே மூச்சடங்கிப் போகலாம்.

மார்பிலோ முதுகிலோ மேற்கையிலோ சமமான, முடியில்லாத இடத்தைத் தண்ணீரால் மட்டும் கழுவி, நன்றாக உலர்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முடி இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். சவரம் செய்தால் தோல் கீறி, மருந்து கூடுதலாக இறங்கும். பட்டையின்மேல் தேதியையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். 72 மணி நேரம் கழித்துப் பழையதை எடுத்துவிட்டு, புதியதை வேறிடத்தில் ஒட்டவேண்டும். ஒட்டிய முதல் அரை நாளில் மருந்தின் வலு முழுமையாகத் தெரியாது. அதேபோல் பிய்த்து எடுத்தபின்னும் தோலுக்கடியில் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். வெந்நீர் ஒத்தடம், வெந்நீர்ப் பை, சூடேற்றும் மெத்தை எதுவும் அதன்மேல் படக்கூடாது, ஏனென்றால் சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். கடும் காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும் என்பதால் காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரிடம் சொல்லுங்கள். பட்டையை வெட்டிப் பாதி ஒட்டக்கூடாது. எடுத்த பட்டையிலும் ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமான மருந்து தங்கியிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள்.

எதிர்பார்த்து நடக்கவேண்டிய தொந்தரவுகள்

குமட்டல் முதல் வாரத்தில் வரும். அதற்கான மாத்திரையைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். வாய் உலரும், சிலருக்கு அரிப்பு வரும், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

மலச்சிக்கல் மட்டும் போகாது. மற்றத் தொந்தரவுகளுக்கு உடல் பழகிக்கொள்ளும், குடல் பழகுவதில்லை. மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் பிசகோடில், லாக்டுலோஸ், சென்னா என்னும் நிலவாகை ஆகியவற்றில் ஒன்று இருக்கவேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கல் வந்தபின் தொடங்குவது தாமதம். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே தொடங்கவேண்டும். வீட்டு வைத்தியமாக இசப்கோல் கொடுப்பது இங்கே பொருந்தாது. போதிய தண்ணீர் குடிக்க முடியாத நோயாளியின் அசைவற்ற குடலில் அது களிபோல இறுகிக்கொண்டு நிலைமையை மோசமாக்கும். 3 நாள் மலம் கழியவில்லை என்றால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளிகளே மாத்திரையை நிறுத்திவிடுவதற்கு, நான் கண்டவரையில், வயிற்று உப்புசம்தான் முதல் காரணம்.

தூக்கத்தைப் பற்றி வீட்டார் கொள்ளும் அச்சத்துக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்லவேண்டும். பல வாரங்களாக வலியால் கண்மூடாத ஒருவர், வலி அடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்கள் அடித்துப்போட்டது போலத் தூங்குவார். அது இழந்த தூக்கத்தை உடல் மீட்டுக்கொள்வது. பெயர் சொல்லி அழைத்தால் விழித்து, கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தூங்கினால் அஞ்சவேண்டியதில்லை. அழைத்தும் தட்டியும் விழிக்காமல் இருப்பதும், பேசிக்கொண்டிருக்கும்போதே பாதிச் சொல்லில் கண் செருகுவதும், கைகால்கள் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பதும், இல்லாத ஆட்களைப் பார்ப்பதும் மருந்து தேங்குவதன் அடையாளங்கள். வாந்தி பேதியால் நீர்ச்சத்து வற்றி, சிறுநீர் குறையும்போது இவை தோன்றுவது வழக்கம். அடுத்த வேளையைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

மருந்து தொடங்கிய நாட்களிலும் அளவைக் கூட்டிய நாட்களிலும் வண்டி ஓட்டக்கூடாது.

எவற்றோடு சேரக்கூடாது

ஓபியாய்டால் நேரும் மரணங்களில் பெருந்தொகையானவை அந்த மருந்து ஒன்றால் மட்டும் நேர்வன அல்ல; மூச்சை மந்தமாக்கும் இன்னொன்றும் கூட இருந்திருக்கும். மது முதலாவது. அடுத்தது அல்ப்ரசோலம், டையஸிபம், குளோனசிபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். 2016-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இவ்விரு வகைகளின் பெட்டிகளிலும் ஒன்றையொன்று குறித்த மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. நரம்புவலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினும் காபாபென்டினும் இதே வரிசையில் வருகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடும் தூக்கம் தரும் மாத்திரைகளும் அப்படியே. ஒரே மருத்துவர் தெரிந்தே இரண்டைச் சேர்த்துக் குறைந்த அளவில் எழுதுவது உண்டு. அதில் அவருடைய கணக்கு இருக்கிறது. எலும்பு மருத்துவர் எழுதிய டிரமடாலும் மனநல மருத்துவர் எழுதிய மாத்திரையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே டப்பாவில் சேர்வதுதான் விபரீதம். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசைமேல் கொட்டுங்கள்.

டிரமடாலுக்கென்று தனிக் குணங்கள் இருக்கின்றன. அது செரட்டோனின் என்னும் வேதிப்பொருளையும் மூளையில் கூட்டுவதால், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்றவற்றோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று ஒரு நச்சுநிலை உண்டாகலாம். அளவு கூடினால் வலிப்பு வரும். முன்பு வலிப்பு வந்தவர்களுக்குச் சாதாரண அளவிலேயே வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 400 மில்லிகிராம். 75 வயது கடந்தவர்களுக்கு 300. இது எல்லைக்கோடே தவிர, அனைவருக்கும் ஏற்ற அளவு அன்று.

மூச்சு அடங்கும்போது

மிகையளவின் அடையாளங்கள் மூன்று: எழுப்ப முடியாத உறக்கம், குண்டூசித் தலைபோலச் சுருங்கிய கண்மணி, மெதுவாகவும் மேலோட்டமாகவும் விட்டுவிட்டு வரும் மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8-க்கும் கீழே இறங்கினாலும், உதடும் நகமும் நீலம் பாரித்தாலும், வழக்கமில்லாத கொறகொறப்பான குறட்டை கேட்டாலும் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். அது ஆழ்ந்த தூக்கம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனவர்கள் காலையில் உடலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

உரக்கக் கூப்பிட்டுத் தோளை உலுக்குங்கள். விழிக்கவில்லை என்றால் 108-ஐ அழைத்து, எந்த மருந்து, எத்தனை, எப்போது என்று சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை முன்னோக்கி மடக்கி, முகவாயைச் சற்று உயர்த்தி வையுங்கள். வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாது. தோலில் பட்டை இருந்தால் பிய்த்தெடுங்கள். மூச்சு நின்றுவிட்டால் தொலைபேசியில் அவர்கள் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தும் இதயமீட்பைத் தொடங்குங்கள். காபி, எலுமிச்சைச் சாறு, உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக்கூடாது. விழிப்பில்லாதவர் விழுங்கமாட்டார், அது நுரையீரலுக்குத்தான் போகும். மருந்து அட்டைகளை மருத்துவமனைக்கு உடன் எடுத்துச் செல்லுங்கள். நாலாக்சோன் என்ற மாற்றுமருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்டுவிடும். ஆனால் அதன் ஆற்றல் பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடங்களே நிற்கும். மெல்லக் கரையும் மாத்திரையோ பட்டையோ அதைவிட நெடுநேரம் உடலில் இருக்கும். ஆகவே எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டார் என்பதற்காக உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.

ஒரு விலக்கையும் சொல்லவேண்டும். முற்றிய நோயின் கடைசி நாட்களில் மூச்சு இயல்பாகவே ஒழுங்கிழந்து, நின்று நின்று வரும். அது மார்ஃபினின் செயல் அன்று, நோயின் போக்கு. அத்தகைய நோயாளி வீட்டில் இருந்தால், எந்த மாற்றத்துக்கு அழைக்கவேண்டும், எதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்பதை முன்கூட்டியே மருத்துவக் குழுவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கொடுத்த மாத்திரைதான் உயிரைப் பறித்தது என்று ஆண்டுக்கணக்கில் மனம் வெந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பழக்கமாகிவிடுமா

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தவரின் உடல் அந்த மருந்தைச் சார்ந்திருக்கப் பழகிவிடும். அது யாருக்கும் நடக்கும். திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்று முறுக்கு, பேதி, தூக்கமின்மை எல்லாம் வரும். இதை அடிமைத்தனம் என்று சொல்லமுடியாது. வலி தீர்ந்தபின் மருத்துவர் சொல்லும் படிகளில், நீண்டகாலம் எடுத்தவராக இருந்தால் பத்தில் ஒரு பங்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால் தொல்லையின்றி நிறுத்திவிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சில வாரம் நிறுத்திவிட்டவரின் உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும், அவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் அது மிகையளவாகிவிடும்.

அடிமைத்தனம் வேறு. வலி தணிந்தபிறகும் மனத்தின் கனத்தை இறக்கவோ தூங்கவோ மாத்திரையைத் தேடுவது, 10 நாள் அட்டை 6 நாளில் தீர்ந்துபோவது, மாத்திரை தொலைந்துவிட்டது என்று அடிக்கடி சொல்வது, ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சீட்டு வாங்குவது ஆகியவை அதன் தடங்கள். இவற்றை ஒழுக்கக் கேடாகக் கருதி அடித்தும் பூட்டியும் வைப்பது பயனற்றது. இது சிகிச்சையுள்ள நோய். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்துகளைக் கொண்டு மருத்துவமனைகளில் முறையான சிகிச்சை கிடைக்கிறது.

இந்த ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது என்று 1980-இல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதப்பட்ட ஐந்தே வாக்கியக் கடிதம், பின்னாளில் பெரும் ஆய்வுபோல மேற்கோள் காட்டப்பட்டது. 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்சிகான்டின் மாத்திரையைப் பழக்க ஆபத்து குறைந்தது என்று சொல்லி விற்ற பர்டூ குழுமம், அவ்வாறு தவறாக விளம்பரப்படுத்தியதை 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மருத்துவச் சீட்டில் தொடங்கியது ஹெராயினுக்கும் கள்ளச்சந்தை ஃபென்டனிலுக்கும் நகர்ந்து, 1999 முதல் 2021 வரை ஓபியாய்டு மிகையளவால் ஏறத்தாழ 6,45,000 பேர் இறந்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் புற்றுநோயாளியின் மார்ஃபினை நிறுத்துபவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபின் ஆலை நடத்தும் இந்தியாவில், வலி நிவாரணத்துக்குத் தேவையான ஓபியாய்டில் சுமார் 4 விழுக்காடே நோயாளிகளைச் சென்றடைகிறது என்று 2017-இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. 1985-இன் போதைப்பொருள் சட்டம் உரிமங்களை அடுக்கடுக்காக விதித்ததால் மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே கைவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட 6 மருந்துகள் இன்றியமையாத போதை மருந்துகள் என வகைப்படுத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அவற்றை வைத்துக்கொள்ள வழி எளிதாக்கப்பட்டது. ஆகவே தெருமுனைக் கடையில் மார்ஃபின் கிடைக்காது. புற்றுநோய் மருத்துவமனைகளிலும், முற்றிய நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை மையங்களிலும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர், மருந்து கொடுக்கும் முறையில் எழும் ஐயங்களையும் தீர்த்துவைப்பார்.

சீட்டு, பூட்டு, மிச்சம்

டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்கவேண்டிய எச்1 பட்டியலைச் சேர்ந்த மருந்து என்பதால், கடைக்காரர் எழுதியவர் பெயரையும் நோயாளி பெயரையும் அளவையும் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். சீட்டில்லாமல் தர மறுக்கும் கடைக்காரரிடம் கோபப்படுவதில் நியாயம் இல்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் உறவினரிடம் வலி மாத்திரை கொடுத்தனுப்பும் முன் இருமுறை யோசியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் டிரமடாலும் கோடீனும் கட்டுப்படுத்தப்பட்டவை. முன்அனுமதி பெறாமல் பெட்டியில் ஓர் அட்டை இருந்தாலும் விமான நிலையத்திலேயே சிக்கல்தான்.

வீட்டில் இவற்றைக் குளிர்பெட்டியின் மேலும் சாமி அலமாரியிலும் மற்ற மாத்திரைகளோடு போட்டுவைக்கக் கூடாது. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஒருவரே வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

நோயாளி இறந்துபோன வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை யாரும் உடனே நினைப்பதில்லை. காரியங்கள் முடிந்து உறவினர்கள் கலைந்தபிறகு, துக்கத்தில் தூக்கம் வராத ஒருவர் கைக்கோ, விளையாட வந்த குழந்தையின் கைக்கோ அந்தப் பை அகப்படுகிறது. முதல் வாரத்திலேயே எடுத்து எண்ணுங்கள். மருந்து கொடுத்த மருத்துவமனை திரும்பப் பெற்றுக்கொள்ளுமா என்று கேட்டு, பெற்றுக்கொண்டால் நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டுபோய் ஒப்படையுங்கள். வழியில்லை என்றால் குப்பையில் போடாதீர்கள். மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டாபென்டடால் உள்ளிட்ட 17 மருந்துகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வழிகாட்டியிருக்கிறது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பட்டைகளைப் பசைப்பக்கம் உள்ளே மடித்துப் போட்டு, ஒரு வாளித் தண்ணீரை முழுவதும் ஊற்றிவிட்டு, எத்தனை போட்டீர்கள் என்பதைத் தேதியோடு நோட்டின் கடைசி வரியில் எழுதுங்கள்.